நிகழ்தகவு, எண்ணும் முறைகள், ஈருறுப்புப் பரவல்: டியூஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், மாலை நேரத்தில் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். நிகழ்தகவுப் பாடம் வந்துவிட்டால் வருடா வருடம் அதே கேள்விகள்தான் வரும். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதி அழிப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் சூத்திரம் மறந்து மார்க் விட்டவர்கள் குறைவு. எதை எண்ணுகிறோம் என்று ஒரு வரி தமிழில் எழுதாமல் சூத்திரத்துக்குள் குதித்தவர்கள்தான் அதிகம்.

தாயக்கட்டையில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விதமாக விழுகிறது. அப்போ தாயம் விழும் வாய்ப்பு 1/7 தானே?

இல்லை, 1/8. இந்தக் கேள்வி புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று மொட்டை, மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். ஒரு கட்டையில் சிவப்பு நூல் சுற்றிக்கொள்ளுங்கள். இப்போது இரண்டும் வேறு வேறு கட்டை என்பது கண்ணுக்கே தெரியும். நூல் கட்டைக்கு 4 வாய்ப்பு, அதில் ஒவ்வொன்றுக்கும் மற்ற கட்டைக்கு 4 வாய்ப்பு. மொத்தம் 16. இந்தப் பதினாறும் சேர்ந்ததுதான் கூறுவெளி. கட்டை கோணல் இல்லாமல் இருந்தால் இந்தப் பதினாறும் சம வாய்ப்புள்ளவை.

தாயம் என்றால் ஒன்றில் 1, மற்றதில் மொட்டை. நூல் கட்டையில் 1 விழலாம், அல்லது மற்றதில் விழலாம். ஆக 2 வழி, 2/16 = 1/8. பன்னிரண்டுக்கு இரண்டுமே மொட்டையாக விழ வேண்டும், ஒரே வழி, 1/16. ஆறுக்கும் (3, 3) ஒரே வழிதான். மூன்றுக்கோ 4 வழி: மொட்டையும் 3-ம், 3-ம் மொட்டையும், 1-ம் 2-ம், 2-ம் 1-ம். இரண்டுக்கு 3, நான்குக்கு 3, ஐந்துக்கு 2. கூட்டிப் பாருங்கள், 16 வரும். வரவில்லை என்றால் எங்கேயோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

"ஏழு விதமாக விழுகிறது" என்பது சரி. ஏழும் சம வாய்ப்பு என்பதுதான் தவறு. "மழை பெய்யும் அல்லது பெய்யாது, அதனால் பாதிக்குப் பாதி" என்று ஒருவன் எழுதினான். நம்மூர் மே மாதத்தில் அவன் குடையைப் பாதி நாள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

எப்போது கூட்ட வேண்டும், எப்போது பெருக்க வேண்டும்?

"அல்லது" வந்தால் கூட்டு, "மற்றும்" வந்தால் பெருக்கு என்று சொல்லித் தருவார்கள். பரவாயில்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரு பிடி உண்டு.

கூட்டும்போது, இரண்டிலும் இருப்பவரை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. ஒரு தெருவில் 40 வீடு. 18 வீட்டில் நாட்டுப்படகு இருக்கிறது, 15 வீட்டில் கருவாடு போடுகிறார்கள், 7 வீட்டில் இரண்டும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கதவைத் தட்டும் வீட்டில் படகோ கருவாடோ இருக்க வாய்ப்பு (18 + 15 − 7)/40 = 26/40, அதாவது 0.65. அந்த 7-ஐக் கழிக்காமல் 33/40 என்று எழுதியவர் ஏழு வீட்டுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறார்.

பெருக்கும்போது, முதலாவது நடந்த பிறகு இரண்டாவதன் வாய்ப்பு என்ன என்று கேட்டுவிட்டுப் பெருக்க வேண்டும். மாறவில்லை என்றால் அப்படியே பெருக்கலாம். மாறிவிட்டால் மாறிய எண்ணைப் போட வேண்டும். இதைத்தான் நிபந்தனை நிகழ்தகவு என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கீழே நண்டுக் கூடையில் வருகிறது.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சி, சார்பிலா நிகழ்ச்சி, இரண்டும் ஒன்றுதானே?

ஏறக்குறைய எதிர்ப்பதம். திங்கட்கிழமை ஒரு படகு கடலில் இருக்கும், அல்லது கரையில் நிற்கும். ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே நடக்காது, அதனால் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்று தெரிந்தாலே மற்றதைப் பற்றி முழுதாகத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எப்படி சார்பிலா நிகழ்ச்சி ஆகும்? பாம்பனில் நான் கட்டை உருட்டுவதும் தொண்டியில் நீங்கள் உருட்டுவதும்தான் சார்பிலா.

தாயத்துக்கு 1/8 என்றால், எட்டு முறை உருட்டினால் கட்டாயம் ஒரு தாயம் விழுந்தே ஆக வேண்டும் அல்லவா?

காய் இறக்கத் தாயத்துக்காகக் காத்துக் கிடந்தவர் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்! 1/8-ஐ எட்டு முறை கூட்டினால் 1 வருகிறதே என்ற எண்ணத்தில் வரும் கேள்வி இது. கூட்டக் கூடாது, ஏனென்றால் முதல் முறையும் மூன்றாம் முறையும் இரண்டிலுமே தாயம் விழலாம். அவை ஒன்றையொன்று விலக்கவில்லை.

"குறைந்தது ஒன்று" என்ற சொல்லைப் பார்த்ததும் தலைகீழாக யோசியுங்கள். ஒன்றுகூட விழாமல் போக என்ன வாய்ப்பு? ஒரு முறை விழாமல் போக 7/8. எட்டு முறையும் விழாமல் போக (7/8)⁸, சுமார் 0.34. ஆக எட்டு முறையில் குறைந்தது ஒரு தாயம் விழ 0.66. மூன்று ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம் எட்டு உருட்டிலும் வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். பாதிக்கு மேல் வாய்ப்பு வர எத்தனை உருட்டு வேண்டும்? ஐந்துக்கு 0.487, ஆறுக்கு 0.551. ஆக ஆறு.

இதே மாதிரி கேள்விதான் பிரான்ஸில் இந்தப் பாடத்துக்கே பிள்ளையார் சுழி போட்டது. ஒரு பகடையை 4 முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம், வாய்ப்பு 0.518. இரண்டு பகடையை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்று கட்டினால் நஷ்டம், வாய்ப்பு 0.491. 4-க்கு 6 எப்படியோ 24-க்கு 36 அப்படித்தானே என்று குழம்பிய ஒரு சூதாட்டப் பிரியர் கணித அறிஞர் பாஸ்கலிடம் போய் நின்றார். பாஸ்கலும் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவும் 1654இல் சூதாட்டக் கணக்குகளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதில் பிறந்ததுதான் நாம் இப்போது படிப்பது.

வரிசை மாற்றமா, சேர்வா? என்-பி-ஆர் போடுவதா, என்-சி-ஆர் போடுவதா?

இடம் மாற்றி வைத்தால் வேறு விடையாகுமா என்று கேளுங்கள். ஆகும் என்றால் வரிசை மாற்றம். ஆகாது என்றால் சேர்வு.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம். எந்தத் தீர்த்தத்துக்குப் பிறகு எந்தத் தீர்த்தம் என்பது முக்கியம் என்றால், இருபத்திரண்டையும் முடிக்க 22 × 21 × 20 × … × 1 வழி. இந்த எண்ணுக்கு 22 இலக்கம். ஒரு வரிசைக்கு ஒரு விநாடி என்று வாயால் சொல்லிக்கொண்டே போனாலும் 35 லட்சம் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். நனைந்த வேட்டியோடு வாளிக்காரர் பின்னால் ஓடுபவருக்கு ஒரே ஒரு வரிசைதான் தெரியும், அதுவே போதும்.

சேர்வுக்கு நம் கடற்கரையிலேயே அழகான கணக்கு இருக்கிறது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. வாரத்தின் 7 நாளில் 3 நாளைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? "திங்கள், புதன், சனி" என்று சொன்னாலும் "சனி, திங்கள், புதன்" என்று சொன்னாலும் அதே ஏற்பாடுதான், ஆக சேர்வு. (7 × 6 × 5)/(3 × 2 × 1) = 35.

இப்போது ஒரு நிபந்தனை போடுவோம். அடுத்தடுத்த இரண்டு நாள் போகக் கூடாது, ஞாயிறை அடுத்துத் திங்கள் வருவதையும் மறக்கக் கூடாது. 35இல் எத்தனை தேறும்? பட்டியல் போட ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடைவெளி குறைந்தது 2 நாள். மூன்று இடைவெளியும் சேர்ந்து 7. ஆக இடைவெளிகள் 2, 2, 3 என்றுதான் இருக்க முடியும். அந்த நீண்ட இடைவெளி எந்த நாளில் தொடங்குகிறது என்று சொல்லிவிட்டால் மீதி தானாக அமைந்துவிடும். அதற்கு 7 வழி, ஆக விடை 7. திங்கள், புதன், சனி அந்த ஏழில் ஒன்று, நீண்ட இடைவெளி புதனில் தொடங்குகிறது. சூத்திரமே இல்லாமல் வந்த விடை இது. வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த கணக்கும் இதுதான்.

ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால்? "கடற்கரை" என்ற சொல்லில் க, ட, ற், க, ரை என்று ஐந்து எழுத்து, "க" இரண்டு முறை. ஐந்தையும் 5! (அதாவது 5 × 4 × 3 × 2 × 1) = 120 விதமாக அடுக்கலாம், ஆனால் இரண்டு "க"வையும் தமக்குள் இடம் மாற்றினால் யாருக்கும் தெரியாது. 120/2 = 60. ற் என்பதில் புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணி 6! போட்டவர் உண்டு. தமிழய்யாவிடம் அனுப்பி வைத்தேன்.

பூஜ்யத்தின் காரணீயப் பெருக்கம் (0!) எப்படி 1 ஆகும்?

ஒன்றுமே இல்லாததை அடுக்க ஒரே ஒரு வழி: சும்மா இருப்பது. இது திருப்தி தராவிட்டால் 4!/4 = 3!, 3!/3 = 2!, 2!/2 = 1! என்று இறங்கி வாருங்கள். அடுத்த படி 1!/1 = 0!, அதாவது 1.

எடுத்ததைத் திரும்ப வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன?

கூடையில் 10 நண்டு, 6 ஆண், 4 பெண். பார்க்காமல் இரண்டு எடுக்கிறோம். (கடிபட்டால் நான் பொறுப்பில்லை.) இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு என்ன?

முதல் நண்டு பெண், 4/10. அதைத் திரும்பப் போடவில்லை. மீதி 9இல் பெண் 3. ஆக 4/10 × 3/9 = 2/15, சுமார் 0.133. சேர்வு வழியில் போனாலும் இதே விடை: 4இல் 2 எடுக்க 6 வழி, 10இல் 2 எடுக்க 45 வழி, 6/45 = 2/15. திரும்பப் போட்டிருந்தால் 4/10 × 4/10 = 0.16. வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

கூடைக்குப் பதில் 2000 இறால் உள்ள பெட்டி, அதில் 800 பெரிய இறால் என்று வையுங்கள். இரண்டு எடுத்து இரண்டும் பெரிதாக இருக்க 800/2000 × 799/1999, சுமார் 0.1599. திரும்பப் போட்டால் 0.16. வித்தியாசம் நாலாவது தசம இடத்தில்தான். பெரிய குவியலிலிருந்து சிலதை மட்டும் எடுக்கும்போது திரும்ப வைத்தது போலவே கணக்குப் போடலாம் என்று சொல்வது இதனால்தான். சின்னக் கூடையில் அந்தச் சலுகை கிடையாது.

ஈருறுப்புச் சோதனை என்றால் என்ன? எப்படி அடையாளம் காண்பது?

ராமேஸ்வரம் கடைத்தெருவில் ஒரு பொட்டலம் சோழி வாங்கி வந்தேன். ஆறு சோழியைக் கையில் குலுக்கிப் பாயில் போட்டால் சிலது வாய் மேலே விழும், சிலது முதுகு மேலே. எத்தனை வாய் மேலே என்பதுதான் கேள்வி.

நான்கு விஷயம் பார்க்க வேண்டும். முயற்சி எத்தனை என்று முன்பே தெரிய வேண்டும்: ஆறு சோழி, ஆறு முயற்சி. ஒவ்வொன்றுக்கும் இரண்டே முடிவு: வாய் அல்லது முதுகு. ஒரு சோழி விழுவது மற்றதைப் பாதிக்கக் கூடாது. அப்புறம், எல்லோரும் தாண்டிப் போகும் நிபந்தனை: ஒவ்வொரு முயற்சியிலும் வாய்ப்பு ஒன்றேயாக இருக்க வேண்டும்.

பொட்டலத்தில் ஒரு சோழியின் முதுகு தேய்ந்து தட்டையாக இருந்தது. அதைத் தனியாகப் போட்டால் தட்டை முதுகில் உட்கார்ந்து, பெரும்பாலும் வாயைக் காட்டியது. அதை மற்ற ஐந்தோடு சேர்த்தால் நான்காவது நிபந்தனை போய்விடும். அதை எடுத்துவிட்டு ஒரே மாதிரி ஆறு பொறுக்கினேன்.

சோழிக்கு வாய் மேலே விழும் வாய்ப்பு பாதி என்று யார் சொன்னது? நாணயத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்று போல. சோழிக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் கூன். வாய்ப்பை எறிந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிறைய முறை எறிந்து, பத்துக்கு நான்கு முறை வாய் மேலே விழுகிறது என்று உங்களுக்குத் தெரியவந்ததாக வைத்துக்கொள்வோம். வெற்றி வாய்ப்பு 0.4, தோல்வி 0.6.

சரியாக இரண்டு சோழி மட்டும் வாய் மேலே விழ? முதல் இரண்டு வாய், மற்ற நான்கு முதுகு என்ற ஒரு குறிப்பிட்ட வரிசைக்கு 0.4² × 0.6⁴ = 0.020736. ஆனால் வாய் காட்டுவது முதல் இரண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆறில் எந்த இரண்டு என்பதற்கு 15 வழி. 15 × 0.020736 = 0.31104. சூத்திரம் மொத்தமும் இவ்வளவுதான்: எத்தனை வழி, பெருக்கல் ஒரு வழியின் வாய்ப்பு.

ஆறு சோழிக்கும் முழுக்கப் போட்டால் வருவதுதான் ஈருறுப்புப் பரவல்: ஒன்றுமில்லை 0.047, ஒன்று 0.187, இரண்டு 0.311, மூன்று 0.276, நான்கு 0.138, ஐந்து 0.037, ஆறு 0.004. சராசரி 6 × 0.4 = 2.4. பரவற்படி 6 × 0.4 × 0.6 = 1.44. அதன் வர்க்கமூலமான திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 1.2. சராசரி 2.4 என்றதும் "சோழி எப்படி 2.4 விழும்?" என்று கை தூக்குவார்கள். ஒரு முறைக்கு விழாது. நூறு முறை போட்டால் மொத்தம் 240-ஐ ஒட்டி வரும்.

நான்கு சோழி எறிந்தால் "எத்தனை வழி" என்பதற்கு 1, 4, 6, 4, 1 என்று வருகிறதே, அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

பாஸ்கல் முக்கோணம் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். நீங்கள் அதைத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

அசை இரண்டு வகை, நேர், நிரை. ஈரசைச் சீர் 2 × 2 = 4: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். மூவசைச் சீர் 2 × 2 × 2 = 8, நான்கு காய்ச்சீர், நான்கு கனிச்சீர். இந்த எட்டில் நிரை எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. ஒரு நிரை உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. இரண்டு நிரை உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றும் நிரை கருவிளங்கனி. 1, 3, 3, 1. நாலசைச் சீர் பதினாறையும் இதே போலப் பிரித்தால் 1, 4, 6, 4, 1.

நேரை முதுகு என்றும் நிரையை வாய் என்றும் மாற்றி வாசித்தால் மூன்று சோழி எறிந்த கணக்கு. சமஸ்கிருத யாப்பில் குறில் நெடில்களை எண்ணப் போய் இதே முக்கோணத்துக்கு மேரு பிரஸ்தாரம் என்று பெயர் வைத்தார்கள், பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டு முன்பே.

பத்து நாள் கடலுக்குப் போனால் எத்தனை நாள் நல்ல பாடு (மீன்வரத்து) கிடைக்கும் என்பது ஈருறுப்புப் பரவலா?

முயற்சி பத்து, முடிவு இரண்டு, சரி. மீதி இரண்டு நிபந்தனையும் கடலில் நிற்காது. வாடைக்காற்று பிடித்துக்கொண்டால் ஒரு நாளோடு விடுவதில்லை. இன்று மோசம் என்றால் நாளையும் மோசமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆக நாட்கள் சார்பிலா அல்ல. வாய்ப்பும் ஒன்றாக இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதலில் கிளம்பும் நாளும், அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு நாளும் ஒன்றா? பாக் நீரிணைப் பக்கத்து வடகடலும் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலும் ஒன்றா? தேர்வில் இப்படிக் கேட்டு, சார்பிலா என்றும் சொல்லியிருந்தால் சூத்திரத்தைப் போடுங்கள். கரையில் நிற்கும்போது போடாதீர்கள்.

நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயல் என்கிறார்கள். அப்படி ஒன்று 1964இல் வந்துவிட்டது என்றால் 2064 வரை கவலையில்லையா?

தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 இரவு வந்தது. அது நூற்றுக்கு ஒன்றா, வேறா என்பதை விடுங்கள், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். ஒவ்வொரு ஆண்டும் வாய்ப்பு 1/100 என்று பொருள், அவ்வளவுதான். கடலுக்கு நாட்காட்டி தெரியாது. வந்த மறு ஆண்டும் அதே 1/100.

ஆண்டுகள் சார்பிலா என்று எடுத்துக்கொண்டால், நூறு ஆண்டில் ஒருமுறைகூட வராமலிருக்க 0.99¹⁰⁰, சுமார் 0.37. குறைந்தது ஒருமுறை வர 0.63. தாயக் கணக்கேதான், எட்டுக்குப் பதில் நூறு. 30 ஆண்டுக் கடனில் கரையோரம் வீடு கட்டுகிறவருக்கு அந்த முப்பதுக்குள் குறைந்தது ஒன்று வர 1 − 0.99³⁰ = 0.26. நூற்றில் ஒன்று என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருந்தது.

"குறைந்தது", "அதிகபட்சம்", "மேல்" எல்லாம் குழப்புகிறதே?

ஆறு சோழிக் கணக்கிலேயே: குறைந்தது 2 என்றால் 2-ம் சேரும், 1 − (0.047 + 0.187) = 0.77. அதிகபட்சம் 2 என்றாலும் 2 சேரும், 0.54. இரண்டுக்கு மேல் என்றால் 2 சேராது, 0.46.

ஒரு மதிப்பெண் வினாக்களை எல்லாம் குத்துமதிப்பாகப் போட்டால்?

10 வினா, நான்கு விடையில் ஒன்று சரி. சராசரியாக 2.5 கிடைக்கும். ஐந்தோ அதற்கு மேலோ சரியாக வர வாய்ப்பு சுமார் 0.078. போய்ப் படியுங்கள்.

நேற்று ராத்திரி சோழி விளையாடும்போது அப்பத்தாவுக்கு ஆறும் வாய் மேலே விழுந்தது. வாய்ப்பு 0.004 என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஏமாற்றியிருக்கிறார்களா?

ஒரே ஒரு எறிதலுக்கு 0.004, சுமார் 244-க்கு ஒன்று. ஆனால் நேற்று எத்தனை முறை எறிந்தீர்கள்? ஐம்பது முறை என்றால் ஒருமுறையாவது ஆறும் வாய் காட்ட வாய்ப்பு 1 − 0.9959⁵⁰, சுமார் 0.19. வாரத்தில் ஐந்து ராத்திரி, 250 எறிதல் என்றால் 0.64. ஆக விழுந்தது அதிசயமில்லை. ஆனால் அப்பத்தாவுக்கு மட்டும், அதுவும் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை விழுந்தது என்றால், அவரிடம் கேட்பதற்கு முன்னால் சோழிகளைத் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். என் பொட்டலத்திலிருந்து எடுத்துப் போட்ட அந்தத் தட்டைச் சோழியைக் காணவில்லை.